உங்களுக்குத் தெரியுமா? – டென்ஷன் ஸ்பெஷல்

★ 1950-களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மேன், ரே ரோசன்மேன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் சேர்ந்து கிளினிக் நடத்தினார்கள். காத்திருப்பு அறை நாற்காலிகளுக்கு மெத்தை மாற்ற வந்த தொழிலாளி ஒரு விநோதத்தைக் கவனித்தார். சாய்மானமெல்லாம் நன்றாக இருந்தது. உட்காரும் இடத்தின் முன் விளிம்பு மட்டும் நைந்துபோயிருந்தது. வந்த இதய நோயாளிகள் யாரும் சாய்ந்து உட்காரவே இல்லை. எப்போது கூப்பிடுவார்கள் என்று நுனியிலேயே காத்திருந்து தேய்த்திருக்கிறார்கள். டாக்டர்கள் அதை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல வருடம் கழித்துத்தான் அதன் அர்த்தம் உறைத்தது.

அதற்குள் அவர்கள் ஆடிட்டர்களையும் ஆராய்ந்திருந்தார்கள். அமெரிக்காவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 15. அந்தத் தேதி நெருங்க நெருங்க ஆடிட்டர்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியது. ரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறைந்தது. மே, ஜூனில் இரண்டும் இறங்கிவிட்டன. அவர்களுடைய சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மாறியது காலண்டர் மட்டும்தான்.

★ ‘எப்போதும் பரபரப்பாக இருப்பவருக்கு மாரடைப்பு வரும்’ என்ற இந்த இரண்டு டாக்டர்களின் ‘ஏ டைப்’ கொள்கை பின்னால் வந்த ஆய்வுகளில் ஆட்டம் கண்டது. வேகமாக நடப்பவர், வேகமாகப் பேசுபவர் எல்லாம் பயப்பட வேண்டாம். தாக்குப்பிடித்து நின்றது அதில் ஒரு பகுதிதான்: தீராத கோபமும், எல்லோர் மீதும் இருக்கிற கசப்பும்.

இன்னொரு சங்கதி. இந்தக் கொள்கை பற்றிய ஆராய்ச்சிக்குப் பல காலம் காசு கொடுத்தவை சிகரெட் கம்பெனிகள். மன அழுத்த ஆராய்ச்சியின் தந்தை என்று சொல்லப்படும் ஹான்ஸ் செல்யேயும் அவர்களிடம் பணம் வாங்கியவர்தான். மாரடைப்புக்கு டென்ஷனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் சிகரெட் தப்பித்துக்கொள்ளும் அல்லவா! ஆகவே, “தம் அடிச்சாத்தான் டென்ஷன் குறையுது” என்கிற நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

★ அந்தச் செல்யே கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிகளுக்கு விதவிதமான சாறுகளை ஊசி வழியாக ஏற்றிக்கொண்டிருந்தார். புது ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஆசை. ஆனால், எதை ஏற்றினாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது. கடுங்குளிரில் விட்டாலும் அதேதான், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் அதேதான்: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. 1936-ல் ‘நேச்சர்’ இதழில் இதைச் சின்னக் கடிதமாக எழுதினார். காரணம் எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் கிளம்பியது.

★ அட்ரினல் சுரப்பிகள் இரண்டு. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஐந்து கிராம்கூடத் தேறாது. நாய் துரத்தும்போது இதயத்தை வேகமாக அடிக்கவைப்பது, ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுவது, ஜீரணத்தை நிறுத்திவைப்பது எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. நாய் போன பிறகு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், அதுதான் ஏற்பாடு. மாதத் தவணையும் மேனேஜரும் அப்படிப் போய்விடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

சுகர் உள்ளவர்கள் வீட்டில் சண்டை நடந்த மறுநாள் குளுக்கோமீட்டரைப் பார்த்து, “நேத்து இனிப்பே சாப்பிடலையே!” என்று திகைப்பதற்கும் இதுவே ஒரு காரணமாக இருக்கலாம். சர்க்கரை வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை.

★ ஆத்திரத்தோடு சாப்பிட்டால் ஜீரணமாகாது என்பதை எக்ஸ்ரேயில் பார்த்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன். பூனைக்கு உணவு கொடுத்து அதன் இரைப்பை அசைவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டதும் அசைவு அப்படியே நின்றது. அமைதியானதும் மறுபடி தொடங்கியது. சாப்பிடும்போது பிள்ளைகளின் மார்க் ஷீட்டை விசாரிக்கும் அப்பாக்கள் கவனிக்க.

★ ஸ்டிராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவரைப் பார்த்திருப்பீர்கள். முகம் உப்பும், வயிறு பெருக்கும், சுகரும் பிரஷரும் ஏறும், எலும்பு மெலியும், கிருமித் தொற்று எளிதில் ஒட்டிக்கொள்ளும். அந்த மாத்திரை வேறெதுவும் இல்லை. நம் அட்ரினல் தினமும் சுரக்கிற கார்டிசால் ஹார்மோனின் உறவுக்கார மருந்து. (இந்த வகை ஹார்மோன்களை ஆராய்ந்ததற்காகத்தான் 1950-ல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் நோபல் கிடைத்தது.) ஓயாத மன அழுத்தத்தில் கார்டிசால் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆனால், தள்ளிக்கொண்டு போகிற திசை அதுதான்.

கார்டிசாலே கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போவதால்தான் எழுந்து நடமாடத் தெம்பு வருகிறது. நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். இரவு பதினொன்றரைக்கும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் அலறிக்கொண்டிருந்தால் எப்படி இறங்கும்?

★ டென்ஷனால் தாமதமாக ஆறும் புண்: அதைப் பின்வருவதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சி குறைவு. அமெரிக்காவின் ஓஹியோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளர், மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களைத் தேர்ந்தெடுத்தார். அதே வயதில், அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள் இன்னொரு பக்கம். எல்லோருடைய கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரே மாதிரி சின்னதாகத் தோலை எடுத்தார்கள். அது மூட எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சுமார் 39 நாள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு 48 நாளுக்கும் மேல். 1995-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது.

மூன்று வருடம் கழித்து அதே குழு, பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேல்வாயில் இதே சோதனையைச் செய்தது. ஒரு புண் கோடை விடுமுறையில், இன்னொன்று பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு. பரீட்சைக் காலத்துப் புண் ஆற 40 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. பதினொரு பேரில் ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை.

நம் வீடுகளில் படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ அப்பாவையோ பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஒரு பெண்தான். வந்து பார்க்கும் உறவினர்கள் நோயாளிக்கு ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வாங்கி வருகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக் கொடுப்பவர் யாரும் இல்லை.

★ ஜலதோஷம் பிடிப்பதிலும் மன அழுத்தத்துக்குப் பங்கு உண்டு. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் வைரஸ் சொட்டு விட்டு, தனியாகத் தங்கவைத்து, எத்தனை டிஷ்யூ பேப்பர் காலியாகிறது என்பதுவரை எண்ணினார்கள். மன அழுத்தம் குறைந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான் ஜலதோஷம் முழுதாக வந்தது. அதிகம் இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு. ஷெல்டன் கோஹென் 1991-ல் வெளியிட்ட ஆய்வு இது.

1998-ல் அவரே இன்னொன்றும் கண்டார். ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் கவலைகள் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. வேலையில்லாமல் இருப்பது, வேண்டியவர்களோடு தீராத மனஸ்தாபம் என்று மாதக்கணக்கில் இழுப்பவைதான் ஆளை வீழ்த்தின.

★ 2006 உலகக் கோப்பைக் கால்பந்து சமயத்தில், ஜெர்மனி அணி ஆடிய நாட்களில், மியூனிக் பகுதியில் அவசர இதயச் சிகிச்சைக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு. ஐ.பி.எல். கடைசி ஓவர் ரசிகர்களில் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள், மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு டிவி போடவும்.

★ ‘பெரிய பதவி, பெரிய டென்ஷன், பெரிய அதிகாரிக்கு ஹார்ட் அட்டாக்.’ சினிமாவும் இப்படித்தான் காட்டுகிறது. லண்டன் அரசு அலுவலகங்களில் 1967-ல் தொடங்கிய ‘வைட்ஹால்’ ஆய்வு இதைத் தலைகீழாக்கிவிட்டது. பதினேழாயிரத்துக்கும் அதிகமான ஆண் ஊழியர்களை வருடக்கணக்கில் தொடர்ந்தார்கள். இதய நோயால் அதிகம் இறந்தவர்கள் உயர் அதிகாரிகள் அல்லர். பியூன், வாயில் காப்பாளர் போன்ற கடைநிலை ஊழியர்கள். மேல்மட்டத்தோடு ஒப்பிட்டால் சுமார் மூன்று மடங்கு! புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசத்தின் கணிசமான பகுதி அப்படியே நின்றது.

1985-ல் மைக்கேல் மார்மட் தலைமையில் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வு, 10,308 ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அதில் கிடைத்த துப்பு: வேலையின் அளவு மட்டும் காரணமில்லை. தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் தனக்குச் சொல் இல்லாதவருக்கு ஆபத்து கூடுதல். ஆகவே, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டில் நிற்பவரிடம் “கொஞ்சம் ரிலாக்ஸா இருங்க” என்று சொல்லிவிட்டுப் போவது மருத்துவம் ஆகாது. அங்கே மாற வேண்டியது ஷிஃப்ட். மூச்சுப் பயிற்சி அதற்கு ஈடாகாது.

★ வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35–40 மணி நேரக்காரர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லின. 2016-ல் மட்டும் இப்படி நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய இதய நோய், பக்கவாத மரணங்கள் 7,45,000 என்பது அவர்கள் கணக்கு.

★ டாக்டரைப் பார்த்ததும் பிரஷர் ஏறும் என்பது உண்மையா? 1983-ல் இத்தாலியில் கியூசெப்பே மான்சியா குழுவினர், ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவி வைத்து இடைவிடாமல் அளந்தார்கள். டாக்டர் கட்டிலருகே வந்து பட்டையைச் சுற்ற ஆரம்பித்ததும் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி எகிறியது! முதல் நாலு நிமிடத்துக்குள் உச்சம், பத்து நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கிவிட்டது. நர்ஸ் வந்தபோது ஏற்றம் பாதியளவுதான் என்பது பின்னால் தெரிந்தது.

அதனால், மாடிப்படி ஏறிய கையோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கால் மேல் கால் வேண்டாம். கை மேசை மேல் இருக்கட்டும். பட்டை இறுகும்போது பேச வேண்டாம். முன்னதாக அரை மணி நேரம் காபி வேண்டாம். பாத்ரூம் போக வேண்டுமென்றால் போய்விட்டு வந்துவிடுங்கள்.

★ அல்சருக்குக் காரணம் டென்ஷன் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கரைத்துத் தானே குடித்தார். இரைப்பை அழற்சி வந்தது. ராபின் வாரனோடு 2005-ல் நோபல் பரிசும் வந்தது. அப்படியானால் டென்ஷன் நிரபராதியா? 1995-ல் ஜப்பானின் கோபே பகுதியைப் பூகம்பம் உலுக்கிய பிறகு, ரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் அங்கே அதிகரித்தன. கிருமி முதல் குற்றவாளி, டென்ஷன் கூட்டாளி என்று வைத்துக்கொள்ளலாம்.

★ துக்கச் செய்தி கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர்களில் சிலருக்கு ஆஞ்சியோகிராம் செய்து பார்த்தால் எந்த அடைப்பும் இருக்காது. இதயத்தின் இடது கீழறை மட்டும் பலூன் போல உப்பியிருக்கும். ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் விவரித்த இந்த நிலைக்கு, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் ‘டகோட்சுபோ’ என்று பெயர். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இதயம் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். அதற்காக நெஞ்சுவலியை ‘மனசு வலி’ என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அடைப்பா, டகோட்சுபோவா என்று சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரி.

★ கென்யாவில் ராபர்ட் சபோல்ஸ்கி பல வருடம் பின்தொடர்ந்த பபூன் குரங்குக் கூட்டம் ஒன்றில், 1980-களில் ஒரு விபரீதம் நடந்தது. சுற்றுலா விடுதிக் குப்பையில் கிடந்த காசநோய்க் கிருமி உள்ள இறைச்சியைச் சண்டை போட்டுப் பிடுங்கித் தின்ற முரட்டு ஆண்கள் எல்லாம் செத்துப்போயின. மிஞ்சியவை சாதுக்கள். அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் கடிப்பதும் விரட்டுவதும் குறைந்தன. ஒன்றுக்கொன்று ரோமம் கோதிவிடுவது கூடியது. கீழ்மட்டக் குரங்குகளின் உடம்பில் வழக்கமாகத் தெரியும் அழுத்தத்தின் அடையாளங்கள் காணோம். வேறு கூட்டங்களிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஆண்களும் அந்தப் பழக்கத்தையே கற்றுக்கொண்டன. ஒரு ஆபீசில் இரண்டு பேர் ரிட்டயர் ஆனால் எல்லோருக்கும் பிரஷர் இறங்குவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

★ இப்போது உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். விடும்போது துடிப்பு லேசாக மந்தமாவது பலருக்கு விரலிலேயே தெரியும். வேகஸ் நரம்பு இதயத்துக்குப் போடும் பிரேக் அது. மூச்சை நீளமாக விடச் சொல்லும் பயிற்சிகளுக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

★ சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறோம். இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி, 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார். பிறகு ‘ஓம் மணி பத்மே ஹும்’ மந்திரம் சொல்ல வைத்தார். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. 2001-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதை வெளியிட்டது. சாமி எதுவானாலும் நுரையீரலுக்கு ஒன்றுதான் போல.

★ சவாசனத்தை மருந்து போல முதலில் சோதித்தவர்களில் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் கே.கே. தாத்தே குழுவினர் உண்டு. 1969-ல் பிரஷர் உள்ள 47 பேரிடம் செய்த பரிசோதனை அது. 1973-ல் இங்கிலாந்தில் டாக்டர் சந்திரா படேல், 20 நோயாளிகளுக்கு இதே மாதிரித் தளர்வுப் பயிற்சியோடு, உடல் தளர்வதை ஒலியாகக் கேட்கச் செய்யும் கருவியையும் சேர்த்துக் கொடுத்தார். ஐந்து பேருக்கு மாத்திரையை அறவே நிறுத்த முடிந்தது. இன்னும் சிலருக்கு அளவு குறைந்தது. குறைத்தவர் டாக்டர் என்பதைக் கவனியுங்கள். யூடியூப் பார்த்து நாமே நிறுத்தினால், கதை வேறு மாதிரி முடியும்.

★ தூக்கம் வராமல் புரள்பவர்களுக்கு எட்மண்ட் ஜேகப்சன் 1929-ல் புத்தகமாகவே எழுதிவைத்த வழி: படுத்துக்கொண்டு, கால் விரல்களை ஐந்து நொடி இறுக்குங்கள், பிறகு சட்டென்று விட்டுவிடுங்கள். அடுத்து கெண்டைக்கால், தொடை, வயிறு, கை முஷ்டி, தோள், தாடை, நெற்றி. இறுக்கினால்தான், இதுவரை இறுகிக் கிடந்தது எது என்று தெரிகிறது. தாடைக்கு வரும்போது பலர் ஆச்சரியப்படுவார்கள். சுளுக்கு, அடிபட்ட இடங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

★ கோபம் வந்தால் தலையணையைக் குத்து, மனசு லேசாகும் என்பார்கள். பிராட் புஷ்மன் 2002-ல் கல்லூரி மாணவர்களைக் கோபப்படுத்திவிட்டு, ஒரு பகுதியினரைக் குத்துப் பையைக் குத்த வைத்தார். கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குக் கோபம் கூடித்தான் இருந்தது. சும்மா இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள்.

★ லேசான மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று பயமுறுத்தி, 16 மனைவிமார்களின் மூளையை ஸ்கேன் செய்தார் ஜேம்ஸ் கோன் (2006). முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்திருந்தபோது பயப் பகுதிகள் ஓரளவு அடங்கின. கணவர் பிடித்திருந்தபோது நன்றாகவே அடங்கின. ஒற்றுமையான தம்பதிகளில் இன்னும் அதிகம். மற்றவர்களைப் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை.

★ பித்தப்பை ஆபரேஷன் முடிந்து பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்தவர்களின் பழைய பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் புரட்டினார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தவர்கள் 23 பேர், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்கள் 23 பேர். மரம் பார்த்தவர்கள் முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டிருந்தார்கள். 1984-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நம்மூரில் ஏசி அறைக்குக் கூடுதல் கட்டணம். ஜன்னலோர வேப்ப மரத்துக்கு இன்னும் யாரும் ரேட் போடவில்லை. ஆகவே கேட்டு வாங்கலாம்.

★ மாரடைப்புக்குப் பிறகு நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அதோடு டென்ஷனைச் சமாளிக்கும் பயிற்சியையும் சேர்த்தால்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் 151 இதய நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். பயிற்சி 12 வாரம். பிறகு சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்கு மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், நெஞ்சுவலி, மரணம் என்று ஏதோ ஒன்று நேர்ந்தது. டென்ஷன் பயிற்சியும் பெற்றவர்களில் 18 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்கலாமே!

★ மூச்சுப் பயிற்சியும் ஓய்வும் கைகொடுக்காத அளவுக்கு மனம் கனத்தால், டெலி-மானஸ் எண் 14416. அக்டோபர் 2022 முதல் மத்திய அரசு நடத்தும் இலவசச் சேவை, 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசலாம்.

★ நரைக்கும் கவலைக்கும் உள்ள தொடர்பு பாட்டி கதை இல்லை. 2020-ல் ஹார்வர்டில் யா-சியே ஷூ குழு எலிகளில் கண்டறிந்தது: அழுத்தம் வரும்போது நரம்புகள் கொட்டும் நார்அட்ரினலின், முடிக்கு நிறம் கொடுக்கும் மூல செல்களைத் தீர்த்துவிடுகிறது. எலிக்குப் போன கறுப்பு திரும்பவில்லை.

மனிதர்கள் விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பிக்கார்ட் குழு, 14 பேரின் ஒற்றை ஒற்றை முடியாக எடுத்து, அடியிலிருந்து நுனிவரை நிறம் மாறிய இடங்களை அவரவர் எழுதிய டென்ஷன் நாட்குறிப்போடு பொருத்திப் பார்த்தது. அதில் ஒருவர் விடுமுறையில் போயிருந்தார். அந்த நாட்களில் அவர் தலையில் ஐந்து நரைமுடிகள் மறுபடி கறுத்திருந்தன. ஐந்தே ஐந்துதான். லீவு லெட்டரில் காரணமாக எழுதினால் ஹெச்.ஆர். ஏற்பாரா என்று தெரியாது. ஹேர் டை செலவு மிச்சம் என்று கணக்குப் போடவும் அது போதாது.